இருபத்துமூன்றாம் கிழமை ரயர்கள்

என் பாசத்துக்குரிய அண்ணைக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஓராண்டும் சில மாதங்களும் ஆகின்றன. இந்தக் கடிதத்தை எழுதி உங்கள் படத்துக்குக் கீழே வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்யாமல் நம்மவர்களின் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்வேன். முதலில் நடந்ததை முதலில் எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. "உவனிட்டை நேரம் கேட்டாலும் படிவம் நிரப்பச் சொல்லுவான்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவர் நீங்கள்தானே.

நல்ல செய்தி: ஆரணிக்குக் கலியாணம். உங்கள் ஓராண்டு நினைவான ஆட்டைத் திவசம் முடியட்டும் என்று இரு வீட்டாரும் பொறுத்திருந்து, ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் நாள் வைத்திருக்கிறோம். மண்டபம் நம் வுப்பர்டாலுக்குப் பக்கத்து நகரமான ஹாகனில். மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். ஆரணி இருவருக்குமாகப் பேசிக்கொள்கிறாள்.

உங்கள் மகள் நகைக்கோ சேலைக்கோ அடம் பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சித்தப்பா, நான் அப்பான்ர காரிலதான் மண்டபத்துக்குப் போவன்."

"அது ஒரு வருசமா நிண்ட கார், பிள்ளை. வேற நல்ல கார் ஒண்டு எடுப்பம்."

"வேற கார் எண்டா நான் கூறைச் சீலையோட தொங்கு ரயிலில ஏறிப் போறன். வுப்பர்டால் முழுக்க அண்ணாந்து பார்க்கட்டும்."

அண்ணி சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். ஆகவே ஓம் என்று சொல்லிவிட்டேன்.

உங்களை அறியாத வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்த வெள்ளைக் கார் ஆரணியைவிட மூத்தது. இலக்கத் தகட்டின் கடைசியில், பழைய கார் என்பதைக் காட்டும் 'ஹா' எழுத்து இருக்கிறது. ஓய்வு பெற்ற ஒரு ஜேர்மன்காரரிடம் வாங்கி, ஒவ்வொரு ஆணியாகத் துலக்கி, நம்மவர்களின் கலியாணங்களுக்கு நீங்கள் அதை ஓட்டினீர்கள். இந்த வட்டாரத்தில் அதன் பின்னிருக்கையில் அமர்ந்து படம் எடுக்காத மணமக்கள் குறைவு. ஓடியதெல்லாம் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து தடவை. மற்றைய நாட்களில் அது கராஜில் நின்றது.

நீங்கள் போனதும் அண்ணி அதை ஒரு வெள்ளைத் துணியால் மூடினார். ஆட்டை முடியும்வரை அதை எடுப்பதில்லை என்றார். சரி என்றோம். எடுப்பதில்லை என்றால் ஒரு முழம்கூட நகர்த்துவதில்லை என்று எல்லோரும் விளங்கிக்கொண்டோம். ஒரு கார் ஓராண்டு முழுவதும் தன் பாரத்தை நான்கு ரயர்களின் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு நின்றது. துக்கம் காக்கிறோம் என்று நினைத்தோம்.

வைகாசியில் துணியை நீக்கினேன். கராஜிலிருந்து வெளியே எடுத்தபோது கார் நொண்டியது. டப், டப், டப் என்று கீழிருந்து யாரோ தட்டுவது போல ஒரு சத்தம். வீதியின் முடிவுவரை போய்த் திரும்பினேன். சத்தம் நிற்கவில்லை. ஆரணி வாசலில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை.

ரயர் மாற்றுவது அவ்வளவு பெரிய வேலையா என்று நினைத்தேன். காரின் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அகலம் நூற்றெழுபத்தைந்து மில்லிமீற்றர். ரயர் பூட்டும் சில்லு பதினான்கு அங்குலம். மணிக்கு இருநூற்றுப் பத்துக் கிலோமீற்றர் வேகம்வரை தாங்க வேண்டும். முதற் கடையில் அந்த அளவில் சாமான் ஏற்றும் வாகனத்துக்கான ரயரைக் காட்டினார்கள். இரண்டாவது கடையில் அளவு சரி. வேகத்தின் குறியீடு ஒரு படி குறைவு. மூன்றாவது கடையில் கணினியைப் பார்த்த இளைஞர், அப்படியோர் அளவு இல்லை என்று என்னிடமே மறுத்தார்.

நாலைந்து நாட்கள் அலைந்த பிறகு, பழைய கார்களுக்கு மட்டும் ரயர் தேடித் தரும் ஒருவரின் இலக்கம் கிடைத்தது. பெயர் லோமான். ஃபெல்பெர்ட்டில் சிறிய பட்டறை வைத்திருக்கும் வயதானவர். தொலைபேசியில் நான் அளவுகளை ஒப்பிக்க, அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இப்போது பூட்டியிருப்பவை எந்த ஆண்டுக்குரியவை?"

எனக்குத் தெரியவில்லை. ரயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள், நம் பேச்சில் பூக்கள், எல்லாம் ஆழமாக இருக்கின்றன, ஏழு மில்லிமீற்றர் என்றேன்.

"ஆழத்தை நான் கேட்கவில்லை. ஓடித் தேய்ந்த ரயரைப் பார்த்தால் எனக்குப் பயமில்லை. ஓடாமல் நிற்கிற ரயரைக் கண்டால்தான் பயம். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் செய்த கிழமை, அதாவது ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது; அடுத்த இரண்டும் ஆண்டு. போய்ப் பாருங்கள்."

அண்ணை, நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நகர அலுவலகத்தில் தீப்பாதுகாப்புப் பிரிவு. ஒவ்வொரு பாடசாலையாக, ஒவ்வொரு முதியோர் இல்லமாகப் போய், சுவரில் தொங்கும் தீயணைப்பான்களின் திகதியை வாசிப்பவன். திகதி ஒரு மாதம் கடந்திருந்தாலும் சிவப்புத் துண்டு ஒட்டிவிட்டு வருபவன். உங்கள் காரின் ரயரில் ஒரு திகதி இருக்கும் என்பது எனக்கு ஐம்பது வயதுவரை தெரியாது.

முழங்காலில் நின்று துணியால் துடைத்துப் பார்த்தேன். 2307. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டின் இருபத்துமூன்றாம் கிழமை.

துடைக்கத் துடைக்க இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு கலியாணத்துக்கும் முதல்நாள் நீங்கள் அந்த ரயர்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவீர்கள், படத்தில் கறுப்பாக மினுங்கட்டும் என்று. ஓராண்டில் எண்ணெய் காய்ந்துவிட்டது. விஜயதசமிக்குக் கோவிலில் வாகன பூசை செய்தபோது ஐயர் அப்பிய சந்தனம் மட்டும் போகவில்லை. அது கறுப்பு ரப்பரில் மஞ்சள் கோடுகளாக, மயிரிழை மயிரிழையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்; வரவில்லை. வெடிப்புகளுக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. எண்ணெயின் மினுக்கத்தில் நாங்கள் காணாத வெடிப்புகள் எல்லாம் இப்போது மஞ்சளாக எழுதப்பட்டிருந்தன.

மூன்று சில்லுகளில் அப்படி. வலது பின் சில்லில் மட்டும் சந்தனமே இல்லை. மழையில் கழுவுண்டிருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கடைசித் தைப்பொங்கலுக்கு முந்திய ஆண்டு. கராஜில் குந்தியிருந்து என்னைக் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, வந்து பார். உந்த ரயரில இனியும் ஓடலாமோ?"

நான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். "சட்டம் ஒண்டு தசம் ஆறு மில்லிமீற்றர்தான் கேக்குது. உங்கட ஏழு இருக்கு. தாராளமா ஓடலாம்."

"அப்ப நான் செத்த பிறகும் ஓடும் எண்டுறாய்."

"ஓடும்."

இருவரும் சிரித்தோம். நான் சொன்னதில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. காரின் ரயருக்கு இந்த நாட்டில் வயது எல்லை கிடையாது. அதையும் பிறகு தேடிப் பார்த்து உறுதிசெய்தேன். உறுதிசெய்து யாருக்கு என்ன பயன்?

லோமான் ஐந்து ரயர்களைத் தருவிக்க ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு ஒரு தடவைதான் அந்த அளவில் வார்க்கிறார்களாம். வர ஐந்தாறு கிழமையாகலாம், கலியாணத்துக்கு முதல் வரும் என்று வாக்குத் தர ஏலாது என்றார். இந்தச் செய்தி எப்படியோ நேசன் அண்ணையின் காதுக்குப் போய்விட்டது. இந்த நாட்டுக்கு வந்த அன்று ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் உங்களோடு ஒரே விமானத்திலிருந்து இறங்கியவர், உங்களைப் போலவே ஒரு காரை வாங்கி வைத்திருந்து பிறகு விற்றவர், என்னைத் தன் வீட்டு நிலவறைக்கு அழைத்துப் போனார். அங்கே நான்கு ரயர்கள் பிளாஸ்ரிக் சுற்றியபடி இருந்தன.

"ஒரு கிலோமீற்றரும் ஓடேல்லை, தம்பி. உறையும் உரிக்கேல்லை. உன்ர அண்ணையும் நானும் ஒரே நாளில சேர்ந்து வாங்கினது. அவன் பூட்டினான், நான் காரை வித்துப்போட்டன். தூக்கிக்கொண்டு போ. பெறாமகள் ஆரணிக்கு என்ர அன்பளிப்பு."

உறையை விலக்கிப் பார்த்தேன். 2307.

"நேசன் அண்ணை, இது பதினெட்டு வருசத்துக்குக் கிட்ட."

"அதுக்கு? ரயர் என்ன பாலோ, புளிக்கிறதுக்கு? நீ கந்தோர்க்காரன், தண்ணியிலயும் திகதி தேடுவாய். கொண்ணை இருந்திருந்தா ஓடி வந்து தோளில தூக்கிக்கொண்டு போயிருப்பான்."

"எனக்கு வேண்டாம் அண்ணை. குறை நினைக்காதேங்கோ."

அவர் குறை நினைத்தார். வாசல்வரை வரவில்லை. எனக்கு வேண்டாம் என்பதை மட்டும் நான் சொன்னேன். அவற்றை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அவருடைய பொருள், அதைப் பற்றிக் கட்டளையிட எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். உரிமை பற்றி யோசிக்கும்போது நான் எப்போதும் சரியாகவே யோசிக்கிறேன்.

ஆடி மாதக் கடைசியில் புதிய ரயர்கள் வந்தன. காரை ஓட்டிப் போகவில்லை, வேறொரு வண்டியில் ஏற்றிப் போனேன். லோமான் தன் முதுமைக்குப் பொருந்தாத வேகத்தில் நான்கையும் கழற்றினார். பிறகு, "ஐந்தாவது?" என்றார்.

டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, மேலதிகச் சில்லைக் காட்டினேன். நீங்கள் போன பிறகு அந்த விரிப்பை நாங்கள் யாரும் தூக்கவில்லை. அவர் சில்லை வெளியே எடுத்து நிலத்தில் படுக்க வைத்தார். மேற்பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டும் அதன் நடுவில் காய்ந்த குங்குமமும் இருந்தன. சுற்றிலும் அதே மஞ்சள் கோடுகள்.

சந்தனமில்லாத அந்த வலது பின் சில்லு ஞாபகத்துக்கு வந்தது. டிக்கிக்குள் கிடக்கும் சில்லுக்கு எந்த ஐயர் சந்தனம் பூசுவார்?

லோமான் அதைப் புரட்டினார். உட்பக்கச் சுவர் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. உள்ளிருந்த நூலிழைகள் தும்பு தும்பாக வெளியே நின்றன. அவர், "இதை யார் கழற்றினார்?" என்று கேட்டார்.

"என் அண்ணன்."

"ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடந்திருக்கிறது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

நான் பட்டறைக்கு வெளியே போய் நின்றேன்.

அண்ணை, அன்று நீங்கள் ட்யூசல்டோர்ஃபில் மணமக்கள் இருவரை மண்டபத்தில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். பனியும் மழையும் கலந்து பெய்த நாள். ஓட்டோபான் நெடுஞ்சாலை ஓரத்துத் தரிப்பிடத்தில் கார் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்ததாகவும், நீங்கள் சாரதி இருக்கையில் சாய்ந்திருந்ததாகவும் பொலிஸார் சொன்னார்கள். மாரடைப்பு என்றார் மருத்துவர். நெஞ்சு நோவு வந்ததும் காரை ஓரங்கட்டியிருக்கிறீர்கள் என்று நாங்கள் முடிவுசெய்தோம். சாகும்போதும் யாருக்கும் இடைஞ்சல் கொடுக்காதவர் என்று செத்த வீட்டில் நான் பேசினேன். எல்லோரும் அழுதார்கள்.

நீங்கள் ஓரங்கட்டியது நெஞ்சுக்காக அல்ல. கார் ஆடியிருக்கிறது. மெல்ல உருட்டித் தரிப்பிடத்துக்குக் கொண்டுவந்து, கோட்டைக் கழற்றிப் பின்னிருக்கையில் போட்டுவிட்டு, அந்தக் குளிரில் நீங்களே சில்லை மாற்றியிருக்கிறீர்கள். அறுபத்துமூன்று வயதில். ஜாக்கியைத் துடைத்து அதன் துணியில் சுற்றி முடிச்சும் போட்டிருந்தீர்கள். முடிச்சு அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் இருக்கையில் வந்து இருந்திருக்கிறீர்கள்.

அதனால்தான் இறந்தீர்கள் என்று நான் எழுதமாட்டேன். அதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நடந்தவற்றின் வரிசையை மட்டும் எழுதுகிறேன். அரை மணிக்கு முன் அந்தப் பின்னிருக்கையில் ஒரு மணமகள் இருந்தாள். அவளுக்குக் கீழேதான் அந்தச் சில்லு சுற்றிக்கொண்டிருந்தது.

எந்த இடத்தில் நோவு தொடங்கியது? கடைசி ஆணியை இறுக்கும்போதா? ஏன் எனக்கு ஓர் அழைப்பு எடுக்கவில்லை? தம்பி ஓடலாம் என்றானே என்று ஒரு கணமாவது நினைத்தீர்களா?

அண்ணியிடம் மறைக்கலாம் என்று இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் சமையலறையில் வைத்துச் சொன்னேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப கையில இருந்த கறுப்பு?"

"ஓம் அண்ணி."

"நான் ஆஸ்பத்திரியில தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினன். எண்ணெய் பூசின கறுப்பு எண்டு நினைச்சன். கலியாணத்துக்குப் போற மனுசன் கையைக் கழுவாமப் போயிட்டார் எண்டு மனசுக்குள்ள பேசினனான்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நேசனிட்டை நாலு கிடக்குது எண்டியே. அதுவும் உதே நாளில வாங்கினதுதானே. அது இப்ப எங்க?"

எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. அன்று பின்னேரமே நேசன் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் இன்னும் கோபமாகத்தான் இருந்தார்.

"என்ன, இப்ப வேணுமோ? பிந்திப்போச்சு. போன சனிக்கிழமை குடுத்திட்டன். இணையத்தில போட்ட உடன வந்து ஏத்திக்கொண்டு போயிட்டான்."

"ஆர்?"

"தமிழ்ப் பெடியன்தான். கிறீம் நிறத்தில எங்கட மாதிரிப் பழைய கார் ஒண்டு வச்சிருக்கிறானாம். ஆவணியில கலியாண ஓட்டம் கனக்க இருக்கு எண்டவன். புதுச் சாமான், உறையும் பிரிக்கேல்லை எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான். சரியான சந்தோசம் அவனுக்கு."

"பேர்? ரெலிபோன் இலக்கம்?"

"கேக்கேல்லை. வித்து முடிஞ்ச உடன செய்தியெல்லாம் அழிச்சுப்போட்டன். ஏன்ரா, என்ன முகம் ஒரு மாதிரி இருக்கு?"

சொன்னேன். அவர் படிக்கட்டில் அப்படியே குந்திவிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்லர், அண்ணை. உங்களைப் போலவே, புதிதாகத் தெரிவதைப் புதிது என்று நம்பியவர். அந்த விளம்பரம் இருந்த இணையத்தளத்துக்கும் எழுதினோம்; இதுவரை பதில் இல்லை.

இந்தக் கடிதத்தை மூடி வைக்காததற்குக் காரணம் இதுதான். வாசிப்பவர்களே, நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ கிறீம் நிறத்தில் ஒரு பழைய கார் வைத்திருந்து, அண்மையில் நான்கு புதிய ரயர்கள் பூட்டியிருந்தால், தயவுசெய்து குனிந்து பாருங்கள். நீள்வட்டத்துக்குள் 2307 என்று இருக்கும். உட்பக்கத்தில், உறை சுற்றுவதற்கு முன் நேசன் அண்ணையின் பெயருக்காகக் கடையில் வெள்ளைச் சோக்கினால் எழுதிய 'நே' என்ற ஓர் எழுத்தும் இருக்கும். அவை கறுப்பாக மினுங்கும். பூக்கள் ஆழமாக இருக்கும். எந்தப் பரிசோதனையிலும் ஆழத்தைக் குறித்து யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். செய்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. அவர்கள் மீது பிழை இல்லை. அவற்றை வைத்திருந்த காலம்தான் பிழை.

அண்ணை, வருகிற ஞாயிறு ஆரணியின் நாள். காருக்கு ஐந்து ரயர்களும் இந்த ஆண்டுக்குரியவை. நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஆரணியையும் குனிந்து வாசிக்கச் சொன்னேன். இம்முறை சந்தனத்தை முன்மூடியில் மட்டும் வையுங்கள், ரயரில் வேண்டாம், ரப்பர் எனக்குத் தெரிய வேண்டும் என்று ஐயரிடம் கேட்டிருக்கிறேன். நான்தான் ஓட்டுவேன். ஓட்டோபானில் ஏறமாட்டேன். ஷ்வெல்ம் வழியாகப் பழைய வீதியில், அறுபதைத் தாண்டாமல் போவேன். பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடிக்கட்டும்.

ஆனால் அந்த ஞாயிறு இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் ஏழெட்டுக் கலியாணங்கள் உண்டு. எந்த வீதியில், எந்த மணமகளோடு, அந்த நான்கும் சுற்றிக்கொண்டிருக்கும்? வீதியில் கிறீம் நிறத்தில் எதைக் கண்டாலும் இப்போது என் கால் தானாகவே பிறேக்கைத் தேடுகிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எதிரே அந்தக் கார் வந்தால், ஆரணி பின்னால் இருந்தாலும், முகூர்த்தம் தவறினாலும், என் காரை வீதிக்குக் குறுக்கே விட்டு அதை நிறுத்துவேன். அது சட்டப்படி குற்றம். தெரியும். இறங்கிப் போய், அந்தப் பெடியன் கேட்பதற்கு முன்னரே, உங்களுக்குச் சொல்லாததை அவனுக்குச் சொல்வேன்: ஓடாதேங்கோ, தம்பி. அந்த ஞாயிறு காணாவிட்டால் அடுத்த ஞாயிறு தேடுவேன். நான்கையும் கண்டு, என் கையால் அறுத்துப் போடும்வரை தேடுவேன்.

இப்படிக்கு,
ஓடலாமோ என்று நீங்கள் கேட்டபோது ஏழு மில்லிமீற்றர் என்று பதில் சொன்ன,
உங்கள் தம்பி.